அழிக்கச் சொன்ன பதினாலு பாட்டு

நான் பயந்த சுபாவம். கேஸை மூடினேனா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பவள். பஸ்ஸில் ஏறினால் இறங்கும் வரை டிக்கெட்டை விரலிடுக்கிலேயே பிடித்திருப்பேன். பையில் போட்டால் தொலைந்துவிடும், தொலைந்தால் செக்கிங் வருவார், செக்கிங் வந்தால் நடுவழியில் இறக்கிவிடுவார், இறக்கிவிட்ட இடத்தில் நாய் இருக்கும். என் மனசு இப்படித்தான் ஓடும். அப்படிப்பட்ட நான் ஒரு சாயங்காலம் எங்கள் ஊர்க் கோயில் வாசலில், பொம்பளைகள் அம்புட்டுப் பேரும் பார்த்திருக்க, கமிட்டித் தலைவர் முகத்துக்கு நேராக ‘மாட்டேன்’ என்று சொன்னேன். ஒரு பாட்டுப் பொட்டிக்காக. சொன்னது தப்பு என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. அதைத்தான் அளவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கம் முழுக்க ஊர்க்காரிகளின் ஜாக்கெட் அளவு.

திண்டுக்கல்லில் இருந்து கன்னிவாடி போகிற ரோட்டில், மெயின் ரோட்டை விட்டுச் செத்த நேரம் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். வைகாசியில் அம்மனுக்கு முளைப்பாரி எடுப்போம். ஒரு செவ்வாய்க்கிழமை மண் ஓட்டில் வைக்கோலும் எருப்பொடியும் பரப்பி, ஊறவைத்த பயறு, மொச்சை, சோளம் எல்லாம் தூவி, எல்லார் ஓட்டையும் ஒரே இருட்டு அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அடுத்த செவ்வாய்க்குள் அது முழ உயரத்துக்கு, எலுமிச்சம்பழத் தோல் நிறத்தில் எழும்பி நிற்கும். அதைத் தலையில் சுமந்து போய்க் கம்மாயில் கரைப்போம். இடைப்பட்ட நாட்களில் சாயங்காலம் விளக்கு வைத்ததும் கோயில் முன்னால் கும்மி. ஒருத்தி அடியெடுத்துப் பாட, வட்டத்தில் நிற்பவர்கள் வாங்கிப் பாடிக் கைதட்டிச் சுற்ற வேண்டும்.

எங்கள் ஊரில் அடியெடுப்பது ஒரு அக்கா. பகலில் கத்தரித் தோட்டத்தில் களையெடுக்கும். வயசு அறுபதைத் தாண்டியிருக்கும். முளை அறையைத் திறந்து தண்ணீர் தெளிக்கும் உரிமையும் அதற்கு மட்டும்தான். விடியுமுன் கருக்கலில் ஒருமுறை, விளக்கு வைத்த பிறகு ஒருமுறை, எச்சில் தெறிக்காமல் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போகும். வேறு யாரும், வேறு எந்த நேரத்திலும் அந்தக் கதவைத் தொடக் கூடாது.

நான் கல்யாணமாகி வந்த வருஷத்தில் இருந்து வட்டத்தின் பின்பக்கம்தான் நின்றேன். கை தட்டும், வாய் சும்மா அசையும். பாட்டு மனசில் நிற்காது. பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். செய்யுள் ஒப்பிக்கச் சொல்லி எழுப்பிவிட்டால் முதல் வரிக்கு மேல் ஓடாது. ஏழாம் வகுப்பில் பாதியிலேயே ‘தைக்கப் போறேன்’ என்று வீட்டில் சொல்லி நின்றுவிட்டேன். ஒப்பிக்கப் பயந்து நின்றேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. இத்தனை வருஷம் கழித்து வந்த ஊரிலும் அதே வேஷம். முன்வரிசையில் நிற்கும் மதினிமார் திரும்பிப் பார்த்தால் வாயை இன்னும் பெரிசாக அசைப்பேன்.

என் தம்பி சிங்கப்பூரில் வேலை முடிந்து வந்தபோது எனக்கென்று அந்தப் பொட்டியைக் கொண்டுவந்தான். பொட்டி என்று ஊர்தான் சொல்கிறது. உள்ளங்கைக்குள் அடங்குகிற டிஜிட்டல் ரெக்கார்டர், துணியில் கோடு போடும் தையல் சோப்பு அளவுதான் இருக்கும். சின்னத் திரை, ஓரத்தில் சிவப்புப் பொத்தான்.

“பாட்டும் கேக்கலாம், பிடிக்கவும் செய்யலாம். மெசின்ல உக்காந்திருக்கையில போனுக்குக் காத்துக் கெடக்காம இதுல கேளு” என்றான்.

எங்கள் வீட்டில் போன் ஒன்றுதான், அதுவும் என் வீட்டுக்காரரிடம் இருக்கும். அவர் நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றுகிற வேன் ஓட்டுகிறார். தம்பி பொட்டியில் சினிமாப் பாட்டு நிறைய ஏற்றிக் கொடுத்திருந்தான். எனக்கு அந்தச் சிவப்புப் பொத்தான்தான் கண்ணை உறுத்தியது.

அக்காவிடம் கேட்கவே மூணு நாள் ஆனது. தோட்டத்தில் இருந்து வருகிற வழியில் நின்று கேட்டேன்.

“அக்கா, நீங்க பாடுறத இதுல பிடிச்சுக்கிரட்டுமா? நான் மட்டும் கேக்குறதுக்கு.”

“என்னத்துக்குடி?”

“மனசுல நிக்க மாட்டேங்குது. இத்தன வருசமா வாயத்தான் அசைக்கிறேன்.”

“தெரியும். ஆடு அசை போடுற மாதிரி.” களைக்கொத்தைத் தோளில் மாற்றி வைத்துக்கொண்டது. “எனக்கு மட்டும் யாரு எழுதிக் குடுத்தா? எங்க சித்தி பின்னாலயே திரிஞ்சு காதால திருடுனேன். நீ பொட்டியால திருடு. இருமுறதயும் சேத்துப் பிடிச்சிராத.”

அந்த வைகாசியில் முதல் நாள் பொட்டியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கும்மியடித்தேன். வீட்டில் வந்து போட்டால் என் கைதட்டல் மட்டும் இடி மாதிரி கேட்கிறது, நடுவில் தாலிக்கொடி கிணுகிணுவென்கிறது, அக்கா எங்கேயோ அடுத்த ஊரில் பாடுகிறது. மறுநாள் பந்தல் காலில், அக்கா நிற்கிற பக்கமாகத் தலைக்கு மேலே கட்டித் தொங்கவிட்டேன். அது சரியாக விழுந்தது. முடிவில் பதினாலு பாட்டு சேர்ந்தது. விதை வாங்கப் போவதில் ஆரம்பித்து முளையைத் தண்ணீரில் விட்டுத் திரும்புவது வரைக்கும் வரிசை.

சேர்ந்ததும் எனக்கு அடுத்த கவலை வந்தது. பொட்டி தண்ணீரில் விழுந்துவிட்டால்? பேரன் பேத்தி எடுத்துக் கடித்துவிட்டால்? எனக்குப் பேரன் பேத்தியே இல்லை, கவலைக்கு அதெல்லாம் தேவையில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மொபைல் கடைக்குப் போய், ஒரு மெமரி கார்டில் இன்னொரு காப்பி போட்டுத் தரச் சொன்னேன். கடைக்காரர் தலை நரைத்தவர், காதில் பேனா செருகியிருந்தார்.

“இது தப்பா சார்? யாரும் கேஸ் கீஸ் போடுவாகளா?”

“எந்தப் படம்மா?”

“படம் இல்ல. எங்க ஊர்க் கும்மி.”

“மியூசிக் யாரு?”

“மியூசிக் எல்லாம் இல்ல. கைதட்டுதான்.”

“அப்ப உங்க ஊர்ல கை இருக்குற அம்புட்டுப் பேரும் வந்து கேஸ் போட்டாத்தான் உண்டு” என்றார். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. எத்தனை பேருக்குக் கை இருக்கிறது என்று பஸ்ஸில் வரும்போது மனசு எண்ணிக்கொண்டே வந்தது.

அந்த மெமரி கார்டை லைனிங் துணித் துண்டில் சுற்றி, தையல் மெஷின் பக்கத்தில் இருக்கும் பாபின் டப்பாவின் அடியில் போட்டு வைத்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. முளை போடாத நாளில் முளைப்பாட்டைப் பாடக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டு. மற்ற மாதத்தில் பாடினால் குதிருக்குள் கிடக்கும் விதை அதைக் கேட்டுக் காலம் வந்துவிட்டது என்று ஏமாந்துபோகும், அப்புறம் நிஜமாகக் காலம் வரும்போது எழும்பாது என்பார்கள். பாடக் கூடாது சரி, கேட்கலாமா என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. அப்படி ஒரு சாமான் வரும் என்று கட்டுப் போட்டவர்களுக்குத் தெரியாதே.

எனக்கோ அந்த எட்டு நாள் போதாது. ஆகையால் அம்மனிடம் நானே ஒரு பேச்சுவார்த்தை நடத்தினேன். இயர்போன் ஒரு காதில் மட்டும் மாட்டுவேன். செவ்வாய், வெள்ளி கேட்க மாட்டேன். வாயைத் திறந்து கூடவே பாட மாட்டேன். கூடத்து மூலையில் வரகுச் சாக்கு இருக்கிறது, அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். இவ்வளவும் சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் பொத்தானை அமுக்கினேன்.

பாட்டு மனசில் நின்றது. இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒப்பிக்கச் சொல்லி யாரும் எழுப்பவில்லை, பிரம்பு இல்லை, முன்வரிசை திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு அடி விட்டுப்போனால் பொத்தானை அமுக்கினால் அக்கா கோபப்படாமல் மறுபடி பாடும். பத்துத் தடவை கேட்டாலும் அதே பொறுமையில் பாடும். மெஷினை மிதிக்கிற கால் தன்னாலே கும்மித் தாளத்துக்கு மாறிவிடும். ஐப்பசி முடிவதற்குள் ஒன்பது பாட்டு தலைகீழாகச் சொல்வேன். நாற்பது வயசுக்கு மேல் எனக்குள் ஒன்பது பாட்டு இருந்தது.

கார்த்திகையில் எதிர்வீட்டு மதினி ஜாக்கெட் போட்டுப் பார்க்க வந்தாள். ஜாக்கெட் கை தோள்வரை ஏறவில்லை என்று நான் எழுந்து இழுத்துவிட்ட வேகத்தில் இயர்போன் வயர் பொட்டியில் இருந்து கழன்றுவிட்டது. அக்காவின் குரல் கூடம் முழுக்க நின்றது. ஊறவைத்த பயறை ஓட்டில் தூவுகிற பாட்டு.

மதினி கையை ஜாக்கெட்டுக்குள் பாதி விட்டபடியே நின்றாள்.

“என்னத்தா இது, முளைப்பாட்டு மாதிரி கேக்குது?”

“இல்ல மதினி, அது சும்மா…”

“கார்த்திக மாசத்துலயா?”

நான் பொத்தானைத் தேடித் தேடி அமுக்கினேன். கை இறுக்கமாக இருக்கிறது, பிரித்துத் தை என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தாமல் போனதால் வைகாசி வரை பயந்தேன்.

அந்த வருஷம் முளை அறை மாறியது. அதுவரை பூசாரி வீட்டின் பழைய மண் அறை ஒன்றில் வைப்போம். ஜன்னலே கிடையாது. கடைசி நாள் ஓடு எடுக்கப் போனால் விளக்கைப் பிடித்துக்கொண்டு தடவித்தான் நம்முடையதைக் கண்டுபிடிக்க வேண்டும். அது மழையில் இடிந்துவிட்டது. கமிட்டித் தலைவரின் மகன் கோயிலுக்குப் பின்னால் புதுசாக ஒரு தகரக் கூரை அறை கட்டிக் கொடுத்தான். சிமெண்டுத் தளம், இரும்புக் கதவு. தலைவர் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகனின் மாமனார், நாங்கள் எல்லாரும் மாமா என்போம். திறப்பு நாளில் அவர் கதவைத் திறந்து திறந்து மூடிக் காட்டினார்.

முளை போட்டோம். அந்த முறை நான் வட்டத்தில் முன்வரிசைக்குப் போனேன். வாயைச் சும்மா அசைக்கவில்லை. அக்கா அடியெடுக்க, நான் வாங்கிப் பாடியது எனக்கே கேட்டது. அக்கா ஒருமுறை என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கியது. ஆனால் நாலாம் நாளில் இருந்து அதன் முகம் சரியில்லை. தண்ணீர் தெளித்துவிட்டு வெளியே வந்தால் வாய்த்துணியை அவிழ்க்காமலே கொஞ்ச நேரம் நிற்கும். கேட்டால் ஒன்றுமில்லை என்னும்.

திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, ஓடுகளுக்குப் பூச்சுற்றுவதற்காகக் கதவைத் திறந்தார்கள். பொம்பளைகள் எல்லாரும் வாசலில் நெருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தோம். முளை நாலு விரல் உயரம்தான் இருந்தது. மஞ்சளாக இல்லை, கரும்பச்சையாக, கீரைப் பாத்தி மாதிரி பரந்து கிடந்தது. மூணாவது வரிசையில் என் ஓடு. நான் அடையாளத்துக்குக் கட்டியிருந்த கத்தரிப்பூ நிற நூல் தொங்கியது. அதுவும் நாலு விரல்தான். ‘நான்தான், என்னாலதான்’ என்று தோன்றியது. ஒரு காது என்று அம்மனிடம் பேசியதெல்லாம் நானே பேசியதுதானே, அம்மன் எங்கே சம்மதித்தாள்.

தலைவர் அக்காவைப் பார்த்தார். “ஏத்தா, சுத்தபத்தமா இருந்தியா?”

முப்பது வருஷமாகத் தண்ணீர் தெளித்த அக்காவின் கை முந்தானையைச் சுருட்டிக்கொண்டு நின்றது.

எதிர்வீட்டு மதினிதான் வாயைத் திறந்தாள். “அவளப் போயி ஏன் கேக்குறீக மாமா. கார்த்திக மாசத்துல முளைப்பாட்டு கேட்ட வீடு ஒண்ணு இருக்கு.”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பள்ளிக்கூடத்தில் எழுப்பிவிட்ட மாதிரியே இருந்தது. கேட்டியா என்றார் தலைவர். கேட்டேன் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், அதற்கும் தைரியம் வேண்டும்.

“பொட்டியக் கொண்டா. ஆத்தா முன்னால வச்சு எல்லாத்தையும் அழி. குறை தீந்துச்சுன்னு மனச ஆத்திக்கிட்டு நாளைக்கு எடுத்துக்கிருவோம்” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. தோஷத்துக்கு எலுமிச்சம்பழம் அறுக்கச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

வீட்டுக்கு ஓடினேன். பின்னாலேயே என் வீட்டுக்காரர் வந்தார்.

“இதுக்கு ஏன் இப்பிடி நடுங்குற? அழிச்சுத் தொல. அதான் பாபின் டப்பாவுக்குள்ள இன்னொண்ணு கெடக்குல்ல.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“சட்டைப் பட்டன் பிஞ்சுருச்சுன்னு ஊசி தேடுனேன். மெமரி கார்டுக்கு ஜாக்கெட் தச்சுப் போட்டிருக்க.”

மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். அவர் சொல்வது சரிதான். எல்லாருக்கும் நல்லது. பொட்டியில் அழிப்பேன், ஊர் சமாதானமாகும். நாலு மாதம் கழித்து டப்பாவில் இருந்து எடுத்து மறுபடி ஏற்றிக்கொள்வேன். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு காதில் மட்டும், மதினி வருகிறாளா என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். செத்துப்போகும் வரை அப்படித்தான் கேட்க வேண்டும். அதோடு, முளை எழும்பாமல் போனது என்னால்தான் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகும். வட்டத்தில் மறுபடி வாயைச் சும்மா அசைக்கப் போய்விடுவேன்.

கையில் என்னவோ உருட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தால் கத்தரிப்பூ நிற நூல்கண்டு. என் ஓட்டில் கட்டிய அதே நூல். அந்த நிறத்தை வெளிச்சம் மங்கினால் கருநீலத்தில் இருந்து பிரித்துப் பார்க்க முடியாது. தையல்காரி யாரைக் கேட்டாலும் சொல்வாள். அதற்காகத்தான் மெஷினை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். ஆனால் சற்றுமுன் அந்த அறை வாசலில் நின்று, கதவு வெளிச்சத்தைக் கூட்டம் அடைத்து நின்றும், மூணாவது வரிசையில் நான் அந்த நூலைக் கண்ணால் பார்த்தேன். கத்தரிப்பூ நிறம் என்று பார்த்தேன். மற்ற வருஷங்களில் தடவித்தானே கண்டுபிடிப்போம்.

பொட்டியை எடுத்தேன். நூல்கண்டையும் ஒரு ஊசியையும் எடுத்தேன். என் வீட்டுக்காரர், “ஊசி எதுக்கு?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

கோயில் வாசலில் கூட்டம் அப்படியே நின்றது. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“மாமா, அந்த அறையில வெளிச்சம் இருக்கு” என்றேன்.

“கதவத் தொறந்தா வெளிச்சம் வரத்தான் செய்யும்.”

“சாத்துனாலும் இருக்கும். வெளிச்சம் பட்டா முளை குட்டையாத்தான் நிக்கும், பச்சை ஏறும். வெயில்ல கெடக்குற கீரை மாதிரி. இருட்டுல கெடந்தாத்தான் வெளிச்சம் தேடி மஞ்சளா நீளும்.”

“புது ரூம்புத்தா அது. ஓட்ட ஒடசல் கெடையாது.”

“நான் உள்ள போகக் கூடாது. அக்கா போகட்டும். கதவச் சாத்திக்கிட்டு இந்த ஊசியில நூலக் கோத்துட்டு வரட்டும். கோக்க முடியலைன்னா நான் சொன்னது தப்பு.”

கூட்டத்தில் யாரோ, “அவளுக்கு அரிசியில கல்லே தெரியாது, ஊசிக் காது தெரியுமா” என்றார்கள். அக்கா என் கையில் இருந்து ஊசியையும் நூலையும் வாங்கிக்கொண்டது. என் முகத்தைப் பார்க்கவில்லை. வாயில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தியது.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அக்காவுக்குக் கை நடுங்குமே, கண்ணாடி வீட்டில் இருக்குமே, எச்சில் தொட்டு நூலை முறுக்க முடியாதே, வாயில் துணி இருக்கிறதே என்றெல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாகத் தோன்றியது. வெறுமனே கூரையைப் பார்த்துச் சொல் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வேறெதுவும் தெரியவில்லை, ஊசி நூல்தான் தெரிந்தது.

கதவு திறந்தது. அக்கா ஊசியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்தது. நூல் அதில் தொங்கியது.

வாய்த்துணியை அவிழ்த்துவிட்டுச் சொன்னது: “மேல ஒரு தகடு கண்ணாடி மாதிரி இருக்கு. வெயிலு நேரா ஓட்டு மேல விழுகுது. நான் போறது கருக்கல்லயும் ராந்தல் வெளிச்சத்துலயும். எனக்கு எங்கிட்டுத் தெரியும்.”

அது ஒளி வருவதற்காகப் போடுகிற ஃபைபர் தகடு. மகன் அறை பளிச்சென்று இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் ஒன்றைச் சேர்த்துப் போட்டிருக்கிறான். பகலில் யாரும் கதவைத் திறக்கக் கூடாது என்பதால் யாரும் பார்க்கவில்லை. தலைவர் கூரைப் பக்கம் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார்.

“ரூம்ப இடிக்கச் சொல்றியா?”

“ஒரு தார்ப்பாய் போட்டாப் போதும் மாமா.”

பின்னால் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அதுதான் தப்பாகிவிட்டது என்று நினைக்கிறேன். தலைவர் எழுந்து நின்றார்.

“அது கெடக்கட்டும். நீ கட்ட மீறிக் கேட்டது கேட்டதுதான? அழி.”

அக்கா ஊசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றது. ‘பொட்டியால திருடு’ என்று சொன்னதே அக்காதான், அதை அப்போது சொல்லும் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது. ஆனால் அரைமணி நேரம் முன்னால்தான் அதன் சுத்தத்தைக் கேட்டிருந்தார்கள், இன்னொரு பேச்சு வாங்க அதற்கு உடம்பில் தெம்பு இல்லை போலிருக்கிறது.

பொட்டியை ஆன் செய்தேன். அழிக்கிற இடத்துக்குப் போனால் திரையில் இங்கிலீஷில் ஒரு கேள்வி வரும், கீழே ஆமாம் ஒரு பக்கம், இல்லை ஒரு பக்கம். நான் ஏழாம் வகுப்பு, ஆனால் அந்த இரண்டும் வாசிக்கத் தெரியும். இல்லை என்பதை அமுக்கினேன். பொட்டியை அணைத்து இடுப்பில் செருகினேன்.

“அழிச்சாச்சா?”

“மாட்டேன் மாமா.”

“என்ன மாட்டேங்குற?”

“அழிக்க மாட்டேன். நான் எனக்குக் கேக்கத்தான் பிடிச்சேன். வீட்டுல இன்னொரு காப்பியும் இருக்கு. அதையும் அழிக்க மாட்டேன். இருக்குறத மறச்சு வச்சுக்கிட்டு அழிச்சேன்னு ஆத்தா முன்னால பொய் சொல்ல என்னால ஆகாது.”

என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தார். வியர்வையே இல்லாத முகத்தை ரொம்ப நேரம் துடைத்தார்.

“அப்ப அடுத்த வருசம் உனக்கு ஓடு கெடையாது” என்றார் தலைவர்.

“சரி” என்றேன்.

சரி என்று சொன்ன வாய் என்னுடையதுதானா என்று இருந்தது. கொசுவத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வழியில் அக்கா வேகமாக வந்து ஊசியைக் கொடுத்தது. “மழை இருட்டிக்கிட்டு வருது. பொட்டிய நனச்சிராத” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது.

மறுநாள் அந்த நாலு விரல் முளையைத்தான் எல்லாரும் சுமந்தோம். நானும் சுமந்தேன். அந்த வருஷ ஓட்டை யாரும் பிடுங்க முடியாதே.

அடுத்த வைகாசிக்கு முன்பே அறைக் கூரையில் நீலத் தார்ப்பாய் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்திருந்தது. யார் சொல்லி விரித்தார்கள் என்று யாரும் பேசவில்லை. முளை முழ உயரம் வந்தது, எலுமிச்சம்பழத் தோல் நிறத்தில். எனக்கு ஓடு தரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. ஆனால் சாயங்காலமானால் கோயிலுக்குப் போனேன். வட்டத்துக்குள் போகாமல் பந்தல் காலோரம் நின்றேன். நிற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் நின்றிருப்பேன்.

ஐந்தாம் நாள் அக்காவுக்கு ஒரு பாட்டின் அடி விட்டுப்போனது. இரண்டு சுற்று வெறும் கைதட்டலிலேயே போயிற்று. முன்வரிசை மதினிமார் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் வாங்கிப் பாடத்தான் தெரியும், எடுத்துக்கொடுக்கத் தெரியாது. எனக்கு அந்த அடி தெரியும். நூறு தடவை கேட்டது. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, வட்டத்துக்கு வெளியே நின்றே, சத்தமாக எடுத்துக்கொடுத்தேன். ஒரு கணம் யாரும் வாங்கவில்லை. அக்காதான் முதலில் வாங்கியது. அப்புறம் மொத்த வட்டமும் வாங்கிச் சுற்றியது. தலைவர் நாற்காலியில் இருந்தார். தார்ப்பாய் சரியாக இருக்கிறதா என்று கூரையைப் பார்த்துக்கொண்டார்.

அந்தக் கார்த்திகையில் எதிர்வீட்டு மதினி வந்தாள். ஜாக்கெட் துணியைக் கொடுத்தாள். துணிக்குள் மடித்து ஒரு மெமரி கார்டு.

“மக மெட்ராஸ்ல இருக்கா. லீவு கெடைக்கலைன்னு அழுகுறா. அந்தப் பாட்ட இதுல ஏத்திக் குடு. அவ கேக்க மட்டும்தான்.”

“கார்த்திக மாசமா இருக்கே மதினி.”

“ஏத்துத்தா, வாயக் கொறச்சுக்கிட்டு.”

ஏற்றிக் கொடுத்தேன். அதற்கப்புறம் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள், எல்லாரும் ஜாக்கெட் துணிக்குள் மடித்துத்தான் கொண்டுவருகிறார்கள். வட்டத்தில் நிற்கிறவளுக்கும் அவள் மகளுக்கும் மட்டும் தருவேன், வீட்டில் கேட்க. இன்டர்நெட்டில் போடுகிறேன் என்று ஒருத்தர் பைக்கில் வந்து கேட்டார், அளவு எடுக்கணுமா என்று கேட்டேன், போய்விட்டார். அக்கா மட்டும் காப்பி கேட்கவில்லை. தோட்டத்தில் இருந்து திரும்பும்போது ஜன்னலோரம் செத்த நேரம் நின்று தன் பாட்டைத் தானே கேட்கும். “அந்த எடத்துல இருமிட்டேன் பாரு” என்னும்.

இந்த வருஷமும் எனக்கு ஓடு இல்லை என்று சொல்லியனுப்பினார்கள். இருக்கட்டும்.

இப்போது தை மாதம். முளைக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வேறு. ஜன்னல் திறந்திருக்கிறது, பொட்டி மெஷின் மேல் இருக்கிறது, இயர்போனை எங்கே போட்டேன் என்றே தெரியவில்லை. காலையில் கேஸை இரண்டு தடவை பார்த்தேன், மூணாவது தடவை பார்க்கவும் மனசு சொல்கிறது. தலைவர் இந்த வழியாகத்தான் டீக்கடைக்குப் போவார். அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் என் கை தானாகச் சத்தத்தைக் குறைக்கப் போகும். இப்போதும் போனது. பாதியில் பிடித்து இழுத்துத் துணியின் மேல் வைத்தேன். மெஷினை மிதித்தேன். விதை தூவுகிற பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் கடந்து போகும் வரை ஓடியது, போன பிறகும் ஓடியது.